அதே உப்பைத் தின்ற வீடு

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் நான், எனக்குக் காது கேட்கும். தங்கைக்கும் தம்பிக்கும் கேட்காது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு ஊர் எங்களுடையது. சாமை, புளி, கொஞ்சம் தேன், இவைதான் வருமானம். அம்மா அப்பாவுக்குச் சொந்த மாமன் மகள்.

இரண்டு பேருக்கும் காது கேட்காததற்கு வீட்டில் இரண்டு கதைகள் இருந்தன. தம்பி பிறவியிலேயே அப்படி. அதற்கு யாரும் காரணம் தேடவில்லை, சாமி விட்ட வழி என்று விட்டுவிட்டார்கள். தங்கையின் கதை வேறு. அவள் நாலு வயது வரை பேசினாள், பாட்டுக்கூடப் பாடுவாள். ஒரு நாள் கொல்லையில் பாறையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. காயம் பெரிதாக இல்லை. ஆனால் அடுத்த சில நாட்களில் கூப்பிட்டால் திரும்பவில்லை. "நான்தாண்டி அவள பாறை மேல உட்கார வெச்சிட்டு சாமை அறுக்கப் போனேன்" என்று அம்மா முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாக்கியம்தான் எங்களை நெடுங்காலம் திசைமாற்றியது. காரணம் கண்ணெதிரே கிடக்கும்போது வேறு காரணத்தை யார் தேடுவார்கள்?

தங்கை பெரியவளான சமயத்தில் கழுத்து வீங்கத் தொடங்கியது. முதலில் சேலைத் தலைப்பில் மறைந்தது. பிறகு மறையவில்லை. தம்பிக்குக் கொஞ்சம் பிந்தி, மீசை முளைத்த பிறகு. மலைக்குக் கீழே ஒரு மருத்துவர் பார்த்த உடனே சொன்னார்: "மலையில இருக்கீங்க, கல் உப்பு சாப்பிடுறீங்க. அயோடின் பத்தல."

அவர் சொன்னதில் தவறே இல்லை. மலை மண்ணில் அயோடினை மழை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதும், மலைவாழ் மக்களிடம் கழலை எனப்படும் கழுத்து வீக்கம் அதிகம் என்பதும் மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரிந்தவை. 1956-இல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசாமி தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் கலந்து கொடுத்தால் கழலை குறைகிறது என்று நிரூபித்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அயோடின் கலக்காத உப்பை உணவுக்கு விற்கக்கூடாது என்று 2006-இல் சட்டமும் வந்தது. அதோடு, கருவிலேயே அயோடின் கடுமையாகக் குறைந்தால் குழந்தை காது கேளாமல் பிறக்கலாம் என்பதும் உண்மை. கழலை, காது கேளாமை, மலை. மூன்றையும் அடுக்கினால் விடை உப்புதான் என்று தோன்றும்.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அதே சந்தையில், அதே கடையில், அதே உப்பைத்தானே ஊரே வாங்குகிறது? பக்கத்து வீட்டில் ஏழு பேர். ஒருவருக்கும் கழுத்து வீங்கவில்லை. எனக்கும் இல்லை. நானும் அதே பானையில்தானே தின்றேன்? இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கும் தைரியம் எனக்கு வர வெகுகாலம் ஆனது. டாக்டரிடம் எதிர்த்துப் பேசும் பழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அதைவிட இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காது கேட்கிறது என்பதே சின்ன வயதிலிருந்து எனக்குள் ஒரு கூச்சம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது தங்கையையும் தம்பியையும் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. அனுப்பியது நல்லதுதான் என்றுகூட உள்ளுக்குள் பட்டது. இப்படிப்பட்ட மனசோடு ஒருத்தி குடும்ப நோயை ஆராயக் கிளம்ப மாட்டாள், அதை மூடித்தான் வைப்பாள்.

வழி திறந்தது பள்ளிக்கூடத்தில். நான் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. 2013-இல் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அதன் மருத்துவக் குழு வேனில் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கும். முப்பது கோளாறுகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். பெயர் கூப்பிட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது என் வேலை என்பதால் அந்தப் படிவம் எனக்குப் பழகிவிட்டது. பிறவிக் காது கேளாமை பிறவிக் குறைபாடுகள் பகுதியில் இருந்தது. கழலை சத்துக் குறைபாடுகள் பகுதியில். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு கட்டங்களிலும் இருப்பார்களே என்று நினைத்தேன். குழுவோடு வந்த டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "ரெண்டும் ஒரே ஆளுக்கா, டீச்சர்? கூடப் பிறந்த இன்னொருத்தருக்குமா?" என்றார். "அப்படின்னா உப்பு இல்ல. வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தின் மதிப்பு அப்போது எனக்குத் தெரியவில்லை. அதுவரை நாங்கள் தங்கையைக் கழுத்துக்காக ஒரு இடத்துக்கும், தம்பியைக் காதுக்காக இன்னொரு இடத்துக்கும் அழைத்துக்கொண்டு அலைந்தோம். காது மருத்துவர் கழுத்தைப் பார்க்கமாட்டார், அது அவர் வேலையல்ல. கழுத்தைப் பார்த்தவர் அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம் என்றார். தங்கைக்குக் காது கேட்காது என்று சொன்னதற்கு, "கீழ விழுந்ததுன்னு சொன்னீங்களே" என்றார். ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகத்தான் பார்த்தார்கள். முழுக் குடும்பத்தையும் ஒரே மேசை முன் யாரும் உட்கார வைக்கவில்லை. நாங்களும் உட்காரவில்லை.

எங்கள் மலையில் வேலூர் ஆஸ்பத்திரி என்றாலே சி.எம்.சி.தான். 1900-இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது என்பார்கள். இன்று அங்கே நாளமில்லாச் சுரப்பிகளுக்கு ஒரு துறை, காது மூக்கு தொண்டைக்கு ஒன்று, மரபியலுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. போளூர் வழியாக இறங்கினோம், அம்மாவும் நாங்கள் மூவரும். வரிசை, டோக்கன், ரத்தம், மறுபடி வரிசை. அதையெல்லாம் விவரிக்க வேண்டாம், போனவர்களுக்குத் தெரியும்.

சுரப்பித் துறையில் ஒரு இளம் மருத்துவர் காகிதத்தில் வட்டமும் சதுரமுமாக வரையத் தொடங்கினார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு. தாத்தா பாட்டி வரை கேட்டார். சொந்தத்தில் கல்யாணமானவர்களுக்கு இரட்டைக் கோடு போடவேண்டும் என்றார். அம்மாவும் அப்பாவும் இரட்டைக் கோட்டில் இணைந்தார்கள். அம்மாவின் பெரியப்பா ஒருவர் காது கேளாதவர், கழுத்தில் கட்டியோடு செத்தார் என்பதை அன்றுதான் அம்மா வாயிலிருந்து நானே முதன்முறை கேட்டேன். யாரும் கேட்டதில்லை, அதனால் அம்மாவும் சொன்னதில்லை.

பிறகு இருவருக்கும் உட்காது ஸ்கேன் எடுத்தார்கள். பொட்டெலும்புக்குள் வெஸ்டிபுலர் நாளம் என்று ஒரு நுண்ணிய குழாய் உண்டு. அதன் நடுப்பகுதி 1.5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் விரிந்த நாளம் என்கிறார்கள். தங்கைக்கும் தம்பிக்கும் இரண்டு காதிலும் விரிந்திருந்தது. இப்படி நாளம் விரிந்த பிள்ளைகளுக்குக் கேள்வித்திறன் படிப்படியாகவோ திடீரென்றோ இறங்கலாம். தலையில் லேசாக அடிபட்டாலே சட்டென்று இறங்கிவிடுவதும் உண்டு.

மருத்துவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, பாப்பா விழாம இருந்திருந்தாலும் காது எப்படியும் குறைஞ்சிருக்கும். இது பிறக்கும்போதே வந்தது. நீங்க செஞ்சது ஒண்ணும் இல்ல." அம்மாவுக்கு அது உடனே ஏறவில்லை. பேருந்தில் திரும்பும்போது கண்ணமங்கலம் தாண்டித்தான், "அப்ப நான் உட்கார வெச்சதால இல்லியா?" என்று கேட்டார். நான் மறுபடி சொன்னேன்.

நோயின் பெயர் பெண்ட்ரெட் நோய்க்குறி. 1896-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் நகரில் வாகன் பெண்ட்ரெட் என்ற மருத்துவர், காது கேளாத, கழலை உள்ள இரண்டு சகோதரிகளைப் பற்றி எழுதினார். அங்கேயும் உடன்பிறந்தவர்கள்தான் தடயம். அவருக்கும் நூறு ஆண்டு முன்னால், 1791-இல், இத்தாலியின் பொலோனாவில் கார்லோ மொண்டீனி என்பவர் பிறவியிலேயே காது கேளாத எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் உட்காதை அறுத்துப் பார்த்து, அதன் அமைப்பே குறைந்திருப்பதையும் நாளம் விரிந்திருப்பதையும் பதிவு செய்திருக்கிறார். காதும் கழுத்தும் ஒரே மரபணுவால் கெடுகின்றன என்பது உறுதியாக 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏழாவது குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுவின் பெயர் எஸ்.எல்.சி.26.ஏ.4. அது உண்டாக்கும் புரதத்துக்குப் பெண்ட்ரின் என்று பெயர்.

இந்தப் பெண்ட்ரின் என்ன செய்கிறது என்பதை மரபியல் துறையில் விளக்கியபோதுதான் உப்பின் கணக்கும் தீர்ந்தது. தைராய்டு செல் ரத்தத்திலிருந்து அயோடினை எடுத்துக்கொள்ளும். எடுத்ததை, ஹார்மோன் தயாராகும் உள் அறைக்குள் தள்ளிவிடுவது பெண்ட்ரின். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அயோடின் வாசல் வரை வந்து குவிகிறது, மூட்டை இறக்கி உள்ளே கொண்டுபோக ஆளில்லாத கிடங்கு மாதிரி. வேலை நடக்காததால் சுரப்பி தானே பெருத்துக்கொள்கிறது. பழைய நாட்களில் கதிரியக்க அயோடினும் பெர்குளோரேட்டும் கொடுத்து, குவிந்த அயோடின் வெளியே வழிகிறதா என்று பார்த்தே இதைக் கண்டுபிடித்தார்கள். இப்போது ஸ்கேனும் மரபணுப் பரிசோதனையும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. உட்காதில் அதே பெண்ட்ரின் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காக்கிறது. அது இல்லாமல் காது பழுதாகிறது. பெண்ட்ரெட் உள்ளவர்களில் பலருக்குத் தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் சரியாகவே இருக்கும், கழலை மட்டும் தெரியும். தங்கைக்கு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். லேசாக ஏறியிருந்தது, தைராக்சின் மாத்திரை தொடங்கினார்கள். ஆபரேஷன் அவசரமில்லை, எடுத்துவிட்டு மாத்திரை போடாமல் விட்டால் மிச்சமிருக்கும் திசு மறுபடி வளரும் என்றார்கள். தம்பிக்கு ஆண்டுக்கொரு பரிசோதனை போதும்.

மரபணு முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. அதில் எனக்கொரு பயம் இருந்தது. தங்கை தம்பிக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று கெட்ட பிரதிகள் இரண்டு வந்திருக்கின்றன. நோயில்லாத உடன்பிறப்பு ஒரு பிரதியைச் சுமந்துகொண்டிருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. என் கணவர் சொந்தமில்லை. ஆனாலும் எனக்கொரு மகள் இருக்கிறாள். ரத்தம் கொடுத்துவிட்டு முடிவை வாங்கப் போகாமல் நாள் கடத்தினேன். தங்கைதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு ஒரு பிரதி இருந்தது. மகளுக்குக் காதும் கழுத்தும் நன்றாக இருக்கின்றன.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று ஊரில் சிலர் தீர்ப்புச் சொன்னார்கள். பாதி உண்மை. ஒரே தாத்தாவின் கெட்ட பிரதி இரண்டு வழியாக ஒரு பிள்ளையிடம் வந்து சேரும் வாய்ப்பு சொந்தத்தில் அதிகம்தான். ஆனால் சொந்தத்தில் கட்டும் வழக்கமில்லாத கொரியாவிலும் சீனாவிலும் இந்த மரபணுவால் காது கேளாமை பரவலாக உண்டு. எங்கள் வழக்கத்தைப் பழிப்பதற்கு மரபியலைத் துணைக்கு அழைக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

பெயர் தெரிந்த பிறகு ஆய்வுகளைத் தேட ஆரம்பித்தேன். மருந்து எங்காவது இருக்குமா என்ற ஆசைதான். என் ஆங்கிலம் பாடப்புத்தக ஆங்கிலம். ஜமுனாமரத்தூரில் நெட்வொர்க் வந்து வந்து போகும். மரபணுவின் பெயரை மட்டும் தட்டினால் நோயின் பெயரைவிட அதிகமாகக் கிடைக்கும் என்பதை மெல்லக் கற்றுக்கொண்டேன். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. சொந்தத்தில் மணந்த, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட காது கேளாத பிள்ளைகள் உள்ள 106 இந்தியக் குடும்பங்களையும் 212 பாகிஸ்தான் குடும்பங்களையும் அதில் ஆராய்ந்திருக்கிறார்கள். பெற்றோர் இருவர் வழியாகவும் வரும் பரம்பரைக் காது கேளாமையில் ஏறத்தாழ 5 சதவீதத்துக்கு இந்த மரபணு காரணம் என்கிறது அது. படித்ததும் ஆச்சரியமாக இருந்தது. அரிய நோய் என்று சொல்லப்பட்ட ஒன்று, காது கேளாதோர் பள்ளி ஒவ்வொன்றிலும் ஓரிரு பிள்ளைகளுக்காவது இருக்கக்கூடும். பலருக்குக் கழுத்து வீங்கும் வயது வருவதற்குள் பள்ளி முடிந்துவிடுகிறது, யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை.

ஆய்வுக் கட்டுரைகளில் தொடர்புக்குரிய ஆசிரியர் என்று ஒருவரின் முகவரி இருக்கும். அவர்களில் சிலருக்கு எழுதினேன். குடும்ப வரைபடத்தைப் படமெடுத்து இணைத்தேன். பதில் போட்டவர்கள் எல்லோரும் அந்த வரைபடத்துக்குத்தான் பதில் போட்டார்கள், என் கதைக்கு அல்ல. இது எனக்குப் பெரிய பாடம். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் மரபியல் துறை, பரம்பரைக் காது கேளாமையைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறது என்பதும் தேடியபோதுதான் தெரிந்தது. நம் ஊரிலேயே இருப்பதை விட்டுவிட்டு அமெரிக்காவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளையெல்லாம் பதிவு செய்யும் பதிவேடு ஒன்று 2007 முதல் இருக்கிறது, சி.டி.ஆர்.ஐ. என்பார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம்.

மருந்து? ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தில் பெண்ட்ரெட் நோயாளிகளின் செல்களிலிருந்து உட்காது செல்களை வளர்த்து, சிரோலிமஸ் என்ற பழைய மருந்து குறைந்த அளவில் அவற்றைக் காப்பாற்றுகிறதா என்று பார்த்தார்கள். 2018-இல் நோயாளிகளிடம் சிறிய அளவில் சோதனையும் தொடங்கினார்கள். கேள்வித்திறன் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்களை நோக்கியது அது. என் தங்கைக்கும் தம்பிக்கும் அந்தக் கட்டம் போய் வெகுநாளாகிவிட்டது. அன்று இரவு எனக்கு அழுகை வந்தது. தங்கைக்குச் சைகையில் விளக்கினேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்றாள்.

ஆய்வு என்று வந்தாலே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு எங்கள் பக்கத்து ஊர்களில் ரத்தம் எடுத்துப் போனது. பிஸ்கட் கொடுத்தார்கள். முடிவு என்று ஒரு சீட்டுகூடத் திரும்பி வரவில்லை. இப்போது நான் கேட்பவை இவை: முடிவு எங்களுக்குத் தருவீர்களா, தமிழில் விளக்குவீர்களா, ரத்தத்தை எங்கே எத்தனை காலம் வைப்பீர்கள், நடுவில் விலகினால் சிகிச்சை பாதிக்குமா. விலகும் உரிமை நமக்கு உண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளே அதைச் சொல்கின்றன. தகவல் தாளில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இல்லையென்றால் நான் பேனாவை எடுப்பதில்லை.

இந்தத் தேடலில் எங்களுக்கு நேரடியாகக் கிடைத்த பலன் தம்பியின் கல்யாணம். உறவில் பெண் தேடினார்கள். அவனோ காது கேளாதோர் சங்கத்தில் பழகிய ஒரு பெண்ணைக் காட்டினான். அவளும் பிறவியிலேயே கேளாதவள். இரண்டு பேரும் அப்படியென்றால் பிள்ளையும் அப்படித்தான் பிறக்கும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். மரபியல் துறையில் அவளையும் பரிசோதித்தார்கள். அவளுடைய காது கேளாமைக்குக் காரணம் கனெக்சின் 26 என்ற புரதத்தின் மரபணு. இந்தியாவில் பிறவிக் காது கேளாமைக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அது. மரபணு வேறு வேறு என்பதால் பிள்ளைக்கு ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல பிரதி அநேகமாகக் கிடைத்துவிடும். அப்பாவுக்கு இதை விளக்க அந்த வட்டமும் சதுரமும்தான் உதவின. பேரன் பிறந்தான், கேட்கிறது. கேட்காமல் பிறந்திருந்தாலும் தம்பி ஒன்றும் கலங்கியிருக்கமாட்டான், கலங்கியது நாங்கள்தான்.

தங்கைக்கு இன்று வயது நாற்பதை நெருங்குகிறது. தையல் வேலை செய்கிறாள். கழுத்துக் கட்டி கொஞ்சம் அடங்கியிருக்கிறது, முழுக்கப் போகவில்லை. காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை, நாளம் விரிந்த பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். அவள் சின்னவளாக இருந்தபோது அப்படியொன்று எங்கள் மலைக்கு எட்டியதில்லை.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் காது கேளாத பிள்ளை இருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். இன்றைக்கே பாட்டியிடம் உட்கார்ந்து, யார் யாருக்குக் காது, யார் யாருக்குக் கழுத்து என்று கேட்டு ஒரு தாளில் வரைந்துவையுங்கள், பாட்டி போய்விட்டால் அந்தத் தாளை எந்த ஆஸ்பத்திரியும் எழுதித் தராது. காரணம் தெரியாத காது கேளாமையென்றால் உட்காது ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள், கேள்வித்திறன் ஏறி இறங்கும் பிள்ளையென்றால் தலையில் அடிபடும் விளையாட்டுகளைத் தவிருங்கள். பிள்ளை வளரும் வயதில் ஆண்டுக்கொரு முறை தைராய்டு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். வேலூருக்கோ சென்னைக்கோ கிளம்பும்போது நோயாளியை மட்டும் அழைத்துக்கொண்டு போகாதீர்கள். கூடப் பிறந்தவர்கள் எல்லோரையும் ஒரே பேருந்தில் ஏற்றுங்கள்.